நூறு சதவீதம் என்று காட்டுகிறது, பாக்ஸில் சத்தம் இல்லை

தம்பி கேட்டது இதுதான். மேலூர் பக்கம் அவர்கள் ஊர்க் கோயிலில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே உபுண்டு லினக்ஸ். மானிட்டரும் மவுஸும் கிடையாது, வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்துதான் எல்லாம் செய்ய வேண்டும். காலையிலும் மாலையிலும் பாட்டு ஓட வேண்டும், நேரத்துக்குத் தகுந்த மாதிரி சத்தம் கூடிக் குறைய வேண்டும். "ஏமிக்ஸர் என்ற வால்யூம் கட்டளையைக் கொடுத்தால் மாஸ்டர் 100%, ஆன் என்று காட்டுகிறது, பாக்ஸில் முனகல்கூட இல்லை. ஒருநாள் அல்சாமிக்ஸரில் எதையோ தட்டியதும் வந்தது. கரண்ட் போய் வந்ததும் மறுபடி போய்விட்டது. என்னண்ணே செய்வது?"

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கட்டளையை மட்டும் கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரம் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஏமிக்ஸர், எஸ்செட் மாதிரியானவை எல்லாம் சின்ன எழுத்து, மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் மாதிரியான பெயர்களில் முதல் எழுத்து மட்டும் பெரியது. இது மாறினால் அப்படி ஒரு கன்ட்ரோலே இல்லை என்று திட்டும்.

மேலூர்க்காரருக்கு மடையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேரணையில் தண்ணீர் திறந்தாயிற்று என்று பேப்பரில் போட்டிருப்பான், ஆனால் கள்ளந்திரியில் ஷட்டர் இறங்கியிருந்தால் உங்கள் கண்மாய்க்கு ஒரு சொட்டு வராது. கம்ப்யூட்டரில் சத்தமும் இப்படித்தான் வரிசையாக நிற்கும் மடைகளைத் தாண்டி வருகிறது. பாட்டை ஓட்டும் நிரலுக்கு ஒரு வால்யூம், அதற்குக் கீழே சவுண்ட் சர்வர் என்று ஓடிக்கொண்டிருக்கும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயருக்கு ஒன்று, அதற்கும் கீழே சவுண்ட் கார்டுக்குள்ளேயே மாஸ்டர், பிசிஎம், ஹெட்ஃபோன், லைன் அவுட் என்று நாலைந்து, கடைசியில் ஆம்ப்ளிஃபையர் திருகு. உங்கள் ஏமிக்ஸர் 100% என்று சொன்னது பொய் இல்லை. அது பேரணையைப் பார்த்துச் சொன்னது, மூடியிருப்பது கள்ளந்திரி.

அது எந்த மடையைப் பார்த்துச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. இதை அடியுங்கள்:

ஏமிக்ஸர் எஸ்கெட் மாஸ்டர்

வரும் பதிலில் லிமிட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 - 65536 என்று இருந்தால் நீங்கள் கார்டோடு பேசவே இல்லை, சவுண்ட் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 65536 என்பது பல்ஸ்ஆடியோவின் 100%, சாதாரண சவுண்ட் கார்டுகளில் அத்தனை படி கிடையாது. கார்டு எது என்று சொல்லாமல் ஏமிக்ஸரைக் கூப்பிட்டால் அது டீஃபால்ட் என்ற கருவியிடம் போகிறது, இன்றைய உபுண்டுவில் அந்த டீஃபால்ட் நேராக சர்வர் வீட்டு வாசலுக்குத்தான் கூட்டிப் போகும். அங்கே மாஸ்டர், கேப்சர் என்று இரண்டே இரண்டு கன்ட்ரோல்தான் தெரியும். உங்கள் பிரச்சினை அந்த இரண்டுக்கும் கீழே இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

சரி, கார்டோடு நேரடியாகப் பேச அதன் பெயர் தெரிய வேண்டும். கேட் என்று அடித்து /ப்ராக்/அசவுண்ட்/கார்ட்ஸ் என்ற கோப்பைப் பாருங்கள். 0, 1 என்று எண்ணும், அதை ஒட்டி சதுர அடைப்புக்குள் ஒரு சின்னப் பெயரும் இருக்கும். இன்டெல் மதர்போர்டு என்றால் பெரும்பாலும் பிசிஎச் என்று பெரிய எழுத்தில் நிற்கும், எச்டிஎம்ஐக்கு தனியாக இன்னொரு கார்டு இருந்தாலும் இருக்கலாம். எண்ணை வைத்து வேலை செய்யாதீர்கள். யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் சொருகிவிட்டு மெஷினை மறுபடி ஏற்றினால் 0 இருந்த இடத்தில் 1 வந்து உட்காரும், சில இன்டெல் போர்டுகளில் எச்டிஎம்ஐயே 0 ஆகிவிடும். பெயர் மாறாது. கோடு போட்டு சின்ன சி, அடுத்து கார்டின் பெயர்:

ஏமிக்ஸர் -சி பிசிஎச் எஸ்கெட் மாஸ்டர்

இப்போது வரும் பதிலை நிதானமாகப் படியுங்கள். என் கடையில் உள்ள ஒரு பழைய மெஷினில் இப்போது அடித்துப் பார்த்தேன். லிமிட்ஸ் வரியில் 0 - 87. அதற்குக் கீழே மோனோ, ப்ளேபேக் 64, அடுத்தடுத்து மூன்று சதுர அடைப்புகள், 74%, -17.25 டிபி, ஆன். கார்டுக்குள் 87 படி இருக்கிறது, ஒரு படிக்கு 0.75 டெசிபல். 64ஆவது படியில் நிற்பதால் உச்சியிலிருந்து 23 படி கீழே, 23ஐ 0.75 ஆல் பெருக்கினால் 17.25. கணக்கு நேராக இருக்கிறது பாருங்கள். மூன்றாவது அடைப்பில் ஆன் என்பதற்குப் பதில் ஆஃப் என்று இருந்தால் முன்னால் எந்த எண் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, மடை மூடியிருக்கிறது.

மாஸ்டர் மட்டும் திறந்திருந்தால் போதாது. கார்டில் என்னென்ன இருக்கிறது என்று முழுசாகப் பார்க்க:

ஏமிக்ஸர் -சி பிசிஎச் எஸ்கன்ட்ரோல்ஸ்

பெயர்கள் மட்டும் வரும். எஸ்கன்ட்ரோல்ஸுக்குப் பதில் எஸ்கன்டென்ட்ஸ் என்று கொடுத்தால் ஒவ்வொன்றின் நிலைமையும் சேர்ந்து வரும், அதில் ஆஃப் என்ற சொல்லைத் தேடுங்கள். ஆல்சா, அதாவது லினக்ஸில் சவுண்ட் கார்டை ஓட்டும் அடிப்படை அமைப்பு, முதல் தடவை கார்டைத் தொடும்போது சேனல்களை மூடியே வைத்திருக்கும், அது அதன் வழக்கம். எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே அல்சாமிக்ஸரையும் திறக்கலாம், அது எழுத்துத் திரையில் ஓடுவதுதான். திறந்ததும் எஃப்6 தட்டிக் கார்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் சர்வரின் ஒற்றைத் தூண்தான் தெரியும். கார்டைத் தேர்ந்தெடுத்ததும் வரிசையாகத் தூண்கள் வரும், ஒவ்வொரு தூணின் காலடியிலும் ஒரு சின்னப் பெட்டி. 00 என்று இருந்தால் திறந்திருக்கிறது, எம்எம் என்று இருந்தால் மூடியிருக்கிறது. எம் எழுத்தைத் தட்டினால் மாறும். அன்றைக்கு நீங்கள் "எதையோ தட்டியது" இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கட்டளையாகச் செய்வதென்றால்:

ஏமிக்ஸர் -சி பிசிஎச் எஸ்செட் மாஸ்டர் 75% அன்மியூட்

மாஸ்டர் இருக்கும் இடத்தில் ஹெட்ஃபோன், ஃப்ரண்ட், லைன் அவுட், ஸ்பீக்கர் என்று உங்கள் பட்டியலில் உள்ள பெயரைப் போடுங்கள். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். டெஸ்க்டாப்பின் பின்பக்கப் பச்சைத் துளை பெரும்பாலும் ஃப்ரண்ட் அல்லது லைன் அவுட் என்ற பெயரில் இருக்கும், ஸ்பீக்கர் என்று அல்ல. விலை குறைந்த யுஎஸ்பி கார்டுகளில் இதற்கு நேர்மாறாக மாஸ்டரே இருக்காது, ஸ்பீக்கர் என்பதுதான் மாஸ்டர்.

திறந்தாயிற்றா, சத்தம் வருகிறதா என்று பார்க்கப் பாட்டைப் போடாதீர்கள். பாட்டு எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் மறுபடி குழம்புவீர்கள். கார்டின் வாயிலேயே ஊற்றுங்கள்:

ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி ப்ளக்எச்டபிள்யூ:பிசிஎச்,0 -சி 2 -டி வேவ் -எல் 1

இதில் முதல் டி பெரிய எழுத்து டி, ஒலிக் கருவியைச் சொல்வது. இரண்டாவதாக வரும் டி வேறு எழுத்து, டைப் என்ற சொல்லின் முதல் எழுத்து, சின்னது. ஒரு பெண் குரல் இடது, வலது என்று ஆங்கிலத்தில் சொல்லும். அது கேட்டால் கார்டிலிருந்து பாக்ஸ் வரை எல்லாம் சரி, கோளாறு மேலே சர்வரில். கேட்கவில்லை என்றால் கார்டு மடை, கேபிள், ஆம்ப்ளிஃபையர் இந்த மூன்றில் ஒன்று. டிவைஸ் பிஸி என்று வந்தால் பதற வேண்டாம், சர்வர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வேண்டுகோள்: இந்தச் சோதனை செய்யும்போது ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தித் திருகைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். அரை கிலோமீட்டர் தள்ளி வீட்டிலிருந்து 100% கொடுத்துவிட்டு அங்கே யார் காதருகில் பாக்ஸ் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது நல்லதல்ல.

இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராமல் போகும் ஒரு இடம் உண்டு, அதை நான் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே மாதிரி ஒரு மெஷின் வைத்துக் கொடுத்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால் பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. போனில் கூப்பிட்டார்கள், நான் இங்கிருந்து நுழைந்து பார்க்கிறேன், மாஸ்டர் ஆன், லைன் அவுட் ஆன், எல்லாம் 0 டிபி, ஒன்றும் புரியவில்லை. இருபது நிமிஷம் போனது. கடைசியில் அங்கிருந்த பையன் சொன்னான், மெஷினின் முன்பக்கத் துளையில் யாரோ ஹெட்ஃபோனைச் சொருகியிருக்கிறார்கள் என்று. ரியல்டெக் சிப்களில் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒரு கன்ட்ரோல் இருக்கிறது, முன்னால் ஹெட்ஃபோன் ஏறினால் பின்னால் உள்ள லைன் அவுட்டைத் தானாக அடைத்துவிடும், அடைத்தது எந்த வால்யூமிலும் தெரியாது. மூன்று நிலை வைத்திருப்பார்கள்: டிசேபிள்ட், ஸ்பீக்கர் ஒன்லி, லைன் அவுட்+ஸ்பீக்கர். உங்கள் மாதிரி ஒரே வேலைக்கு நிற்கும் மெஷினில் அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள்:

ஏமிக்ஸர் -சி பிசிஎச் எஸ்செட் 'ஆட்டோ-மியூட் மோட்' டிசேபிள்ட்

அன்றைக்கு ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இருபது நிமிஷம் அமைதியாகப் போனது இன்னும் மனதில் உறுத்துகிறது. அதற்கப்புறம் நான் வைக்கும் எந்த மெஷினிலும் இந்த வரிதான் முதலில்.

இப்போது சதவீதம் பற்றி. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 50% என்று மூன்று இடத்தில் சொன்னால் மூன்றும் வேறு வேறு சத்தம். மேலே சொன்ன 87 படி கார்டில் ஏமிக்ஸரிடம் 50% என்றால் அது 44ஆவது படிக்குப் போகும், -32.25 டிபி, கோயில் வாசலில் நின்றால் பாட்டு ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். அல்சாமிக்ஸர் திரையில் 50 வரை ஏற்றினால் -16 டிபி பக்கம் நிற்கும், ஏனென்றால் அது மனிதக் காதுக்குத் தகுந்த மாதிரி அளவை வளைத்துக் காட்டுகிறது. பல்ஸ்ஆடியோவில் 50% என்பது -18.06 டிபி. அதனால்தான் அல்சாமிக்ஸரில் 47 என்று விட்டுவிட்டு வந்து ஏமிக்ஸரில் பார்த்தால் 74% என்று காட்டும், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். ஏமிக்ஸரையும் அதே மாதிரி வளைத்துப் பேசச் சொல்ல, கோடு போட்டுப் பெரிய எம் சேர்த்தால் போதும். ஆனால் என் வழக்கம் வேறு: ஸ்கிரிப்டில் சதவீதமே எழுதுவதில்லை, டெசிபலில் எழுதுகிறேன். -20 டிபி என்றால் எந்த மடையிலும் -20 டிபிதான்.

ஏமிக்ஸர் -சி பிசிஎச் -- எஸ்செட் மாஸ்டர் ப்ளேபேக் -20டிபி

நடுவில் உள்ள இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் -20 என்பதை இன்னொரு ஆப்ஷன் என்று நினைத்துக்கொண்டு ஏமிக்ஸர் முறைக்கும். இருக்கும் இடத்திலிருந்து ஏற்ற இறக்க 3டிபி+, 3டிபி- என்று குறியைப் பின்னால் போட வேண்டும், 5%+, 5%- என்றும் எழுதலாம். காதுக்கு ஒரு மடங்கு கூடிய மாதிரி தோன்ற சுமார் 10 டிபி ஏற வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1 டிபி 2 டிபி மாற்றிவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இணையத்தில் தேடினால் ஒருவர் ஏமிக்ஸர் என்பார், இன்னொருவர் பிஏசிடிஎல் என்பார், மூன்றாமவர் டபிள்யூபிசிடிஎல் என்பார். மூவரும் சரிதான், எழுதிய காலம் வேறு. 1998இல் யாரோஸ்லாவ் கைசெலா ஆல்சாவைத் தொடங்கினார், 2003 கடைசியில் வந்த லினக்ஸ் 2.6 கர்னலில் ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பின் இடத்தை அது பிடித்தது. 2004இல் லெனார்ட் பொட்டரிங் தொடங்கியது பல்ஸ்ஆடியோ, 2008இல் உபுண்டு 8.04இல் ஏறியது. பைப்வயர் விம் டேமன்ஸ் எழுதியது, இன்னொரு லினக்ஸான ஃபெடோரா 34 அதை 2021இல் எடுத்துக்கொண்டது, உபுண்டு 22.10இல் எடுத்துக்கொண்டது. அதனால் உங்கள் உபுண்டு 22.04 அல்லது அதற்கு முந்தையது என்றால் நடுவில் பல்ஸ்ஆடியோ, அதற்குப் பிந்தையது என்றால் பைப்வயர். ஆல்சா மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் இன்றைக்கும் இருக்கிறது.

சர்வரை வைத்துக்கொண்டே வேலை செய்வதென்றால் பல்ஸ்ஆடியோவுக்கு இப்படி, இதில் சிங்க் என்பது சத்தம் வெளியே போகும் வாசல்:

பிஏசிடிஎல் செட்-சிங்க்-மியூட் @டீஃபால்ட்_சிங்க்@ 0
பிஏசிடிஎல் செட்-சிங்க்-வால்யூம் @டீஃபால்ட்_சிங்க்@ 70%

பைப்வயரிலும் இவை வேலை செய்யும், அதற்கே உரியது வேண்டுமென்றால்:

டபிள்யூபிசிடிஎல் செட்-வால்யூம் -எல் 1.0 @டீஃபால்ட்_ஆடியோ_சிங்க்@ 5%+

அட் குறிகளுக்கு நடுவில் உள்ளது முழுக்கப் பெரிய எழுத்து. அந்த -எல் 1.0 முக்கியம், 100%ஐத் தாண்டவிடாத கட்டை அது. சர்வர்கள் 100%க்கு மேலேயும் ஏற்றிக் கொடுக்கும், ஆனால் அது கார்டு தரும் சத்தம் இல்லை, கணக்குப் போட்டு எண்ணைப் பெருக்குவது, உச்சி வெட்டுப்பட்டு நாதஸ்வரம் தகரத்தைக் கீறுகிற மாதிரி கேட்கும். சர்வர் எந்த வாசலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள், டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் அல்லது பிஏசிடிஎல் இன்ஃபோ. முதலாவதில் எச்டிஎம்ஐ பக்கம் நட்சத்திரக் குறி இருந்தால், அல்லது இரண்டாவதில் டீஃபால்ட் சிங்க் வரியில் எச்டிஎம்ஐ என்று இருந்தால், உங்கள் பாட்டு இல்லாத மானிட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் தம்பி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சர்வரையே நிறுத்திவிடுவேன். ஒரு மெஷின், ஒரு கார்டு, ஒரு பாட்டு. இதற்கு நடுவில் ஒரு மேஸ்திரி தேவையில்லை. டெஸ்க்டாப்பில் ப்ளூடூத், வீடியோ கால், பிரவுசர் எல்லாம் ஓடும்போது சர்வர் அருமையான விஷயம், நானே வீட்டில் பைப்வயர்தான் வைத்திருக்கிறேன். கோயில் மெஷினில் அது தன் ஞாபகத்தில் உள்ள பழைய வால்யூமை ஒவ்வொரு தடவையும் கார்டின் மேல் திரும்ப எழுதும், நீங்கள் ஆல்சாவில் வைத்ததை அது கலைக்கும், யார் மாற்றினார்கள் என்று தெரியாமல் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க் என்று கொடுத்து அந்த சர்வீஸ்களையும் அவற்றின் சாக்கெட்டுகளையும் சேர்த்து அடைத்துவிடுங்கள். சாக்கெட்டை விட்டுவைத்தால் யாராவது தட்டியதும் மறுபடி எழுந்துவிடும். பிறகு பாட்டு ஓட்டும் நிரலுக்கும் கார்டின் பெயரைச் சொல்லிவிடுங்கள், எம்பிஜி123 என்றால் -ஏ போட்டு ப்ளக்எச்டபிள்யூ:பிசிஎச்,0.

இனி கரண்ட் விஷயம். ஆல்சா வால்யூம்களை /வார்/லிப்/அல்சா/அசவுண்ட்.ஸ்டேட் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது, மெஷின் ஏறும்போது அதிலிருந்து எடுத்துப் போடுகிறது. எப்போது எழுதுகிறது என்பதுதான் கேள்வி. முறையாக ஷட்டவுன் ஆகும்போது எழுதும். கரண்ட் போனால் ஷட்டவுன் என்ற ஒன்றே நடக்கவில்லை, அதனால் நீங்கள் அன்றைக்குத் திறந்த மடை எதுவும் ஏட்டில் ஏறவில்லை. மறுபடி வந்தபோது பழைய ஏட்டைப் பார்த்து மூடிவிட்டது. எல்லாம் சரியாக வைத்துச் சோதித்த அந்த நிமிஷமே இதைக் கொடுத்துவிட வேண்டும்:

சுடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்

அவ்வளவுதான். அப்புறம் யார் எதைக் கலைத்தாலும் சுடோ அல்சாசிடிஎல் ரீஸ்டோர் என்றால் பழையபடி வந்துவிடும். நான் இன்னும் ஒரு படி மேலே போய், சரியான நிலையைத் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்வேன். கோடு போட்டுச் சின்ன எஃப், அடுத்து கோப்பின் பெயர் கொடுத்தால் அங்கே எழுதும், திரும்ப எடுக்கும்போதும் அதே மாதிரி. வழக்கமான கோப்பு அடுத்த ஷட்டவுனில் மாறிப்போகும், இது மாறாது.

நேரத்துக்கு நேரம் சத்தம் மாற, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டேப் போதும், ஆனால் அதில் மூன்று குழி இருக்கிறது. முதலாவது, எஸ்எஸ்எச் வழியாக வருகிறவரையும் க்ரானையும் அந்த மெஷின் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளாக லினக்ஸ் மதிக்காது, ஒலிக் கருவியைத் தொடவிடாது. உங்கள் கணக்கை ஆடியோ குழுவில் சேர்க்க வேண்டும், சுடோ யூசர்மாட் -ஏஜி ஆடியோ, அடுத்து உங்கள் லாகின் பெயர், அதில் ஜி மட்டும் பெரிய எழுத்து. வெளியே போய் மறுபடி லாகின் ஆனால்தான் பிடிக்கும். இரண்டாவது, க்ரான்டேபில் சதவீதக் குறிக்கு வேறு அர்த்தம், அங்கிருந்து புது வரி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் அழகாக ஓடும் 70% க்ரானில் ஓடாது, குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். டெசிபலில் எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது சர்வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: பிஏசிடிஎல், டபிள்யூபிசிடிஎல் இரண்டுக்கும் எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் என்ற மாறி தெரிந்திருக்க வேண்டும், க்ரானுக்கு அது தெரியாது. க்ரான்டேபின் தலையில் அதற்கு /ரன்/யூசர்/1000 என்று கொடுங்கள், 1000 என்பது உங்கள் பயனர் எண், ஐடி -யு அடித்தால் தெரியும்.

காலை வரி இப்படி இருக்கும்:

0 6 * * * /யுஎஸ்ஆர்/பின்/ஏமிக்ஸர் -க்யூ -சி பிசிஎச் -- எஸ்செட் மாஸ்டர் ப்ளேபேக் -20டிபி அன்மியூட்

-க்யூ போட்டால் பதில் எதுவும் பேசாது, க்ரானில் அதுதான் நல்லது. மாலை 6.30க்கு -12, இரவு 8.30க்கு மறுபடி -20 என்று இதே வரியை நேரமும் எண்ணும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். 6 மணிக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மார்கழியில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து மணிக்கே போடச் சொன்னாலும் இதைச் சொல்லிப் புரியவையுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் உடம்பு முடியாதவர்களும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அதே விதியில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று இருக்கும், அதை மிக்ஸரில் தெரியும் டெசிபலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது காற்றில் வரும் சத்தத்தை அளப்பது, பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும். மிக்ஸரில் பூஜ்யம்தான் முழுத் திறப்பு, அங்கிருந்து மைனஸில் கீழே இறங்கும்.

பாட்டு டக்கென்று அறுந்து நிற்பது எனக்குப் பிடிக்காது, பாடுகிறவர் வாயைப் பொத்தின மாதிரி இருக்கும். நிறுத்துவதற்கு முன்னால் இந்த வரியை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் வையுங்கள்:

ஃபார் ஐ இன் 1 2 3 4 5 6 7 8; டூ ஏமிக்ஸர் -க்யூ -சி பிசிஎச் எஸ்செட் மாஸ்டர் 3டிபி-; ஸ்லீப் 1; டன்

எட்டு விநாடியில் 24 டிபி இறங்கும், ஒவ்வொன்றும் கார்டின் நாலு படி, காதுக்கு இடறாது. அதற்கடுத்த வரியில் பாட்டு நிரலை நிறுத்துங்கள், அதற்கடுத்து மாஸ்டரைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அதை மறந்தால் மறுநாள் இன்னும் கீழிருந்து தொடங்கும்.

மைக் விஷயத்தையும் சேர்த்துக் கேட்பீர்கள் என்று தெரியும். கேப்சர் என்ற கன்ட்ரோலுக்கு மியூட், அன்மியூட் இல்லை, கேப், நோகேப் என்று எழுத வேண்டும். மைக் பூஸ்ட் என்பது பெரும்பாலும் 0 முதல் 3 வரை, ஒவ்வொன்றும் 10 டிபி. 1க்கு மேல் வைத்தால் காற்றாடி சத்தம்தான் வரும். அறிவிப்புக்கு மைக்கை ஆம்ப்ளிஃபையரிலேயே சொருகுங்கள், கம்ப்யூட்டர் வழியாக விடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபையர் திருகை ஒரே இடத்தில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை கணக்கும் வீண். கார்டில் பிசிஎம் 0 டிபி, லைன் அவுட் 0 டிபி, மாஸ்டர் -6 டிபி என்று வைத்து, கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் எவ்வளவு சத்தம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைத் திருகி, அந்த இடத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். அதற்கப்புறம் கூட்டுவதும் குறைப்பதும் மாஸ்டரில் மட்டும். கார்டை அடியில் வைத்து ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திறந்தால் பாட்டு நிற்கும் நேரத்தில் பாக்ஸில் உஸ் என்ற இரைச்சல் நிற்காது. பூசாரி ஐயாவிடம் அந்தக் கோட்டைக் காட்டிச் சொல்லிவைத்துவிடுங்கள், அவர்தான் தினமும் அதன் பக்கத்தில் நிற்பவர்.

இன்றைக்கு ராத்திரி இரண்டே வேலை செய்து எனக்கு எழுதுங்கள். கார்டு பெயர் போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை, இரண்டு லிமிட்ஸ் வரியையும் அப்படியே அனுப்புங்கள். அப்புறம் எஸ்கன்டென்ட்ஸில் ஆஃப் என்று வந்த கன்ட்ரோல்களின் பெயர்களை மட்டும் அனுப்புங்கள். சனிக்கிழமை பகலில் யாராவது கோயிலில் இருக்கும்போது அல்சாசிடிஎல் ஸ்டோர் கொடுத்துவிட்டு, சிங்க் (எஸ், ஒய், என், சி; மேலே சொன்ன வாசல் சிங்க் அல்ல) என்று அடித்து டிஸ்கில் எல்லாம் எழுதி முடிந்ததும், மெஷினின் சுவிட்சை ஒரு தடவை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.